காப்பைக் கழற்றுதல்

மணியை அவள் ஒரு கடதாசிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். என் பட்டறைப் பலகையில் வைத்து விரித்தாள். வெள்ளிச் சதங்கைமணி, ஒன்றே ஒன்று. குறுக்களவு ஏழு மில்லிமீற்றர். தராசில் வைத்தால் அரைக் கிராம் தேறாது. அதன் தலையில் இருந்த சின்ன வளையம் வாய் பிளந்து கிடந்தது.

"பத்தர் மாமா, நேற்று ராத்திரி இது தம்பியின்ர தொண்டைக்குள்ள இருந்தது" என்றாள்.

ஒன்பது மாதப் பிள்ளை. அந்த வயதில் பிள்ளைகள் மல்லாந்து கிடந்து தங்கள் காலைத் தாங்களே பிடித்து வாய்க்குள் வைப்பார்கள். எத்தனை பிள்ளைகள் அப்படிச் செய்வதைக் கண்டு சிரித்திருப்பேன். காலில் போடும் சதங்கை வாய்க்கும் போகும் என்று ஐம்பது வருடத் தொழிலில் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பிள்ளைக்கு மூச்சு வரவில்லை, அழுகைச் சத்தமும் இல்லை, உதடு நீலம் பாய்ந்தது. பிள்ளைகள் நிலையத்தில் நடந்த வகுப்பொன்றில் அவள் படித்திருந்தாள். பிள்ளையைத் தன் தொடையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கத் தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடித்திருக்கிறாள். மூன்றாவது அடியில் மணி நிலத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளை அழுதானாம்.

அவள் என்னை ஏசவில்லை. "உங்கட கைவேலை எண்டுதான் அம்மா வாங்கித் தந்தவ" என்று மட்டும் சொன்னாள். அது 2018ஆம் ஆண்டு ஒக்டோபர்.

எனக்கு அப்போது 64 வயது. பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன். 1991இல் லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு கடையின் பின்னறைதான் அதன்பிறகு என் உலகம். எங்கள் சனத்தின் பிள்ளைகளுக்கு முப்பத்தொன்று வந்தால் என்னிடம்தான் வருவார்கள். துடக்குக் கழித்து, தலை மழித்து, பிள்ளைக்குப் பஞ்சாயுதம், அரைஞாண், கைக்காப்பு, காற்சதங்கை போடுகிற நாள் அது. கழுத்துக்கும் கைக்கும் பொன். காலுக்கு வெள்ளி. பொன் இலட்சுமி, அவளைக் காலில் போடக்கூடாது.

பிழை என்னுடையது. அப்பா சதங்கைக்கு மணி தொங்கவிட்டால் ஒவ்வொரு வளையத்தின் வாயிலும் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து மூடுவார். சோடிக்கு இருபது மணி என்றால் இருபது முறை ஊதவேண்டும். நான் 2014இலிருந்து மணிகளை ஆயத்தமாக வாங்கத் தொடங்கினேன். வளையத்தைக் குறட்டால் நெரித்துவிட்டால் ஊதி மூடியது போலவே தெரியும். ஊதினால் மணியின் மினுக்கம் கறுக்கும், திரும்ப மெருகு போடவேண்டும், அரைநாள் போய்விடும். அந்த அரைநாளை நான் மிச்சம் பிடித்தேன். சிலப்பதிகாரத்தில் சிலம்பொன்றால் ஓர் உயிர் போனபோது அங்கே பொய் சொன்னவன் எங்கள் தொழில்காரன். அந்தக் கதையைக் கோயிலில் யார் எடுத்தாலும் எனக்கு முகம் சுருங்கும். நான் வாயால் பொய் சொன்னவனல்ல. ஆனால் ஊதாத வளையத்தை ஊதியது போலக் காட்டியதை வேறு என்ன பெயரால் சொல்வது?

அன்றிரவு இருப்பில் கிடந்த ஒரு சதங்கையை எடுத்தேன். ஒரு மணியைக் குறட்டால் பிடித்து, சதங்கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டித் தூக்கினேன். பை நிலத்தை விட்டுக் கிளம்ப முன்னரே வளையம் வாய் திறந்தது.

இந்த நாட்டில் பொன் வெள்ளிக்கு உள்ள காவல் பெரிது. 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வேர்ட் மன்னன் வெள்ளியின் மாற்றுக்குச் சட்டம் போட்டான். 1478 முதல் லண்டன் தட்டார் சங்கத்தின் மண்டபமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹோலில் வைத்து உரைத்துப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். ஹோல்மார்க் என்ற சொல்லே அந்த மண்டபத்தில் பிறந்ததுதான். இன்றைக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கிராமுக்கு மேற்பட்ட பொன்னையும் 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளியையும் முத்திரையில்லாமல் பொன் என்றோ வெள்ளி என்றோ சொல்லி விற்க முடியாது. என் சதங்கைகள் எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. வெள்ளியில் கலப்பு இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். மணி கழன்று விழுமா என்று எழுநூறு வருடமாக அந்த முத்திரை கேட்டதில்லை.

பொம்மைக்கு அந்தக் கேள்வி உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் ஒரு சின்ன உருளைக்குள் அடங்கிவிடக்கூடாது. அந்த உருளையின் வாய் 31.7 மில்லிமீற்றர். இந்த நாட்டின் இரண்டு பவுண் குற்றி 28.4 மில்லிமீற்றர்தான், அதுவும் உள்ளே விழுந்துவிடும். ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துண்டு என்றால் 90 நியூட்டன், அதாவது ஒன்பது கிலோ எடை தொங்குவது போன்ற இழுவைக்குக் கழலாமல் நிற்கவேண்டும். ஆனால் விளையாடுவதற்கென்று அல்லாத பிள்ளை அணிகலன்களைப் பொம்மைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 2011ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு விதிகளே விலக்கிவைத்திருக்கின்றன. அணிகலனுக்கு இருப்பது 2005ஆம் ஆண்டின் பொது விதி: விற்கிற பொருள் பாதுகாப்பாய் இருக்கவேண்டும், ஆபத்து என்று தெரிந்தால் திரும்பப் பெறவேண்டும். சட்டம் எழுதியவர்கள் அணிகலன் வேறு பொம்மை வேறு என்று பிரித்தார்கள். ஒன்பது மாதப் பிள்ளைக்கு அந்தப் பிரிவு தெரியுமா?

திரும்பப் பெறுதல் என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய கொம்பனிகளுக்கு உரியது என்றுதான் நினைத்திருந்தேன். 2006இல் அமெரிக்காவில் ரீபொக் சப்பாத்தோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் இதயப் பதக்கத்தை விழுங்கி நான்கு வயதுப் பிள்ளை இறந்தது. பதக்கம் கிட்டத்தட்ட முழுவதும் ஈயம். ஏறக்குறைய மூன்று இலட்சம் சங்கிலிகளைத் திரும்பக் கேட்டார்கள். என் பட்டறைக்கு அந்த மணி வந்த அதே 2018இன் டிசம்பரிலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. பல் முளைக்கிற நோவுக்கென்று பிள்ளைகளுக்குப் போடும் அம்பர் மணிமாலை நித்திரையில் இறுகி, பதினெட்டு மாதப் பிள்ளை ஒன்று இறந்திருக்கிறது. நோவைத் தீர்க்கக் கட்டியது.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு என் கொப்பியை எடுத்தேன். 2014க்குப் பிறகு செய்தவை 61 சோடி. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தேன். "நான் செய்தது பிழை. சதங்கையைக் கழற்றி வையுங்கோ. கொண்டுவந்து தாங்கோ, ஊதித் தாறன், இல்லையெண்டா காசைத் தாறன்." 44 சோடி வந்தது. ஒன்பது குடும்பங்கள் கனடா, ஜேர்மனி என்று போயிருந்தன; அவர்களுக்கும் சொல்லிவிட்டேன். மூன்று குடும்பங்களின் எண் மாறியிருந்தது. ஐந்து பேர் மறுத்தார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் ஹரோவில் இருக்கும் ஒரு பேத்தியார். "தம்பி, அது நல்லூரானுக்கு முன்னால வைச்சு எடுத்தது. பேரனுக்குக் காப்பு. முருகன் பாத்துக்கொள்ளுவான். கழட்டினாத்தான் தோஷம்" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. அவர் சொன்னதில் பாதியை நானும் நம்புகிறவன். முப்பது வருடம் பிள்ளை நகை செய்யும்போதெல்லாம் முதல் ஊதலுக்கு முன் விநாயகரை நினைத்துத்தான் தொடங்கியிருக்கிறேன். கடவுள் முன் வைத்து எடுத்ததைக் கழற்றுவது கடவுளை நம்பாததா? அவன் காப்பான் என்றால் எதற்காக நான் வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்?

நாங்கள் கையில் போடும் வளையத்துக்கும் காப்பு என்கிறோம், காவலுக்கும் காப்பு என்கிறோம், நூலின் முதற்பாட்டுக்கும் காப்பு என்கிறோம். பொருளும் செயலும் ஒரே சொல்லாய் இருப்பதால் பொருள் இருந்துவிட்டால் செயலும் நடந்துவிட்டது என்று மனம் ஏமாறுகிறது. எங்கள் சனத்துக்கு மட்டும் உள்ள ஏமாற்றமும் அல்ல. நூறு வருடத்துக்கு முன் குரொய்டனில் எட்வேர்ட் லொவெட் என்றொரு வங்கி ஊழியர் இருந்தார். லண்டனின் ஏழைத் தெருக்களில் நடந்து, சனம் உடம்பில் வைத்திருந்த தாயத்துகளைச் சேர்த்தார். 1925இல் ‘மேஜிக் இன் மொடர்ன் லண்டன்’ என்று புத்தகமும் எழுதினார். அவர் கண்டவற்றில் ஒன்று, மார்புச்சளி வராமல் இருக்கப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டிய நீலக் கண்ணாடி மணிமாலை. இந்த நகரத்து வெள்ளைக்காரத் தாய்மார் கட்டியது. அந்தப் புகையும் ஈரமும் நிறைந்த வீடுகளில் ஒரு தாய்க்கு வேறு என்ன கையில் இருந்தது? வசம்பு கோத்துப் பிள்ளையின் கையில் கட்டும் எங்கள் தாய்மாரும் அதே பயத்தோடுதான் கட்டுகிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வசம்புத் துண்டு கோத்த நூல் எச்சிலில் நனைந்து நனைந்து அறும் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குருக்களிடம் போனேன். கார்த்திகை பிறந்திருந்தது, கேதார கௌரி விரதம் முடிந்து சில நாள். பேத்தியார் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் என் வலது கையில் இருந்த விரதக் காப்பு நூலைப் பார்த்தார்.

"பத்தர், இது இந்த வருஷத்துக் காப்புத்தானே?"

"ஓம் ஐயா."

"போன வருஷத்துக் காப்பு எங்க?"

கழற்றினேன் என்றேன். புதியது கட்டமுன் பழையதைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் விடுவதற்காக எடுத்துவைத்திருந்தேன். "அதைக் கழட்டினதால உங்களுக்குத் தோஷம் வந்ததோ? திருவிழாவுக்குக் காப்புக் கட்டினா முடிவில காப்பைக் களைவம். கட்டுறது கிரியை எண்டா களையிறதும் கிரியைதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அருச்சனைக்கு ஆட்கள் நின்றார்கள்.

அந்த மறுமொழியை வைத்துக்கொண்டு நான் பல இரவு யோசித்தேன். நான் படித்தவனல்ல. ஆனால் அப்பா பிள்ளைத்தமிழ் கேட்கப் போவார், என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்புப் பருவம். குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பிள்ளையாக்கிப் பாடினாலும், புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமியைப் பிள்ளையாக்கிப் பாடினாலும், முதலில் மற்றக் கடவுளரைக் கூப்பிட்டு இந்தப் பிள்ளையைக் காக்கும்படி கேட்கிறார். கடவுளே பிள்ளையானாலும் அந்தப் பிள்ளைக்குக் காவல் வேண்டும் என்று எங்கள் புலவர்கள் நினைத்தார்கள். அதை நம்பிக்கைக் குறைவென்று எவரும் சொன்னதில்லை. திருமாலை முதலில் பாடுவது மரபு, அவர் காத்தற் கடவுள் என்பதால். சைவ வீட்டுப் பிள்ளையின் கழுத்திலும் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று அவருடைய ஐந்து ஆயுதங்களை நாங்கள் கட்டுவதும் அதனால்தான். இன்னுமொன்று உண்டு. காப்புப் பருவத்தில் கடவுளரைப் பாடும்போது அவர்களுடைய கொலைத்தொழிலை விலக்கிப் பாடவேண்டும் என்று பாட்டியல் நூல்கள் விதிக்கின்றன. பிள்ளைக்குக் கட்டுகிற பாட்டில் கூர் இருக்கக்கூடாது. சொல்லாலான காப்பிலேயே உயிருக்கு ஆகாததை எடுத்துவிட்டுத்தான் கட்டினார்கள். வெள்ளியில் செய்கிற எனக்கு மட்டும் அந்த விதி இல்லையா?

கழற்றுவதற்கும் எங்களிடம் பழைய சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர்கிழார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து வியக்கிறார்: இவன் காலில் இருந்த சதங்கையைக் கழற்றி வீரக்கழல் போட்டுக்கொண்டு போருக்கு வந்துவிட்டான், கழுத்தில் ஐம்படைத்தாலியைக் கூட இன்னும் கழற்றவில்லையே என்று. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னரே சதங்கைக்கு ஒரு காலம், தாலிக்கு ஒரு காலம், கழற்றுவதற்கு ஒரு காலம் என்று இருந்திருக்கிறது. கழற்றவே கூடாது என்பது பிறகு நாங்கள் பயத்தில் சேர்த்துக்கொண்டது.

பேத்தியாரின் கேள்வியில் இவ்வளவு தெளிந்தாலும் என்னைப் பற்றிய கேள்வி தீரவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்தான். பிழைக்காமல் விட்டிருந்தால்? வேண்டுமென்று செய்ததல்ல என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சேக்கிழார் சொல்கிற திருவாரூர்ச் சோழனின் மகனும் வேண்டுமென்று கன்றின்மேல் தேரை ஓட்டவில்லை. பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மந்திரிமார் நூல்களில் சொன்ன கழுவாய் செய்தால் போதும் என்றார்கள். அரசன் ஒத்துக்கொள்ளவில்லை, கன்றை இழந்த பசுவின் துயரை அந்தக் கழுவாய் ஆற்றுமா என்பதே அவன் கேள்வி. என் பலகைக்கு வந்த மணியும் அப்படி ஒரு மணி என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு வித்தியாசம், கன்று சாகமுன்னரே எனக்கு அடித்தது. நடந்த பிறகு செய்வது கழுவாய். நடக்கமுன் ஓடிப்போய்த் தடுப்பதற்குப் பெயர் காப்பு. ஆபத்தான பொருளைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குத் தமிழில் இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் ஒருநாள் ஹரோவுக்குப் போனேன். ஈஸ்ட்ஹாமில் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மெற்றோபொலிற்றன் ரயிலுக்கு மாறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வீட்டு வாசல். வாய் பிளந்த அந்த மணியைக் கொண்டுபோயிருந்தேன். பேத்தியாரின் உள்ளங்கையில் அதை வைத்தேன். நூல்களில் உள்ளது எதையும் நான் சொல்லவில்லை. அவர் மணியை உருட்டி உருட்டிப் பார்த்தார். பேரன் கம்பளத்தில் இருந்து எங்களைப் பார்த்துச் சதங்கைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அன்று எனக்குத் தாங்கவில்லை. பேத்தியார் எழுந்து சுவாமி அறையில் விளக்கேற்றினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுவந்து மடியில் வைத்தார். "நீங்கள் போட்டது, நீங்களே கழட்டுங்கோ" என்றார். கழற்றினேன். சதங்கை நல்லூர்ப் படத்துக்கு முன்னால் இருக்கிறது, அதுவும் காப்பாகவே இருக்கிறது.

மற்ற நான்கு பேரும் பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுவந்து தந்தார்கள். ஊதிக் கொடுத்தவற்றையும் மூன்று வயதுக்குக் கீழ் சடங்கு நேரம் மட்டும், மடியில் வைத்துக்கொண்டு போடச் சொன்னேன். கழுத்துச் சங்கிலியில் தொழில்காரனுக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது: பதக்கம் கழலக்கூடாது, ஆனால் சங்கிலி எதிலாவது மாட்டினால் அது அறவேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்யும் கொளுக்கி பொன்னில் சரிவரவில்லை. அதனால் பஞ்சாயுதத்தை நான் அரைஞாணோடு சேர்த்துச் சட்டைக்கு உள்ளே கட்டிக் கொடுக்கிறேன். அதையும் நித்திரைக்கு முன் கழற்றச் சொல்கிறேன். இப்போது வீட்டில் இருந்து செய்யும் கொஞ்சநஞ்ச வேலையிலும் ஒவ்வொரு வளையத்துக்கும் பொடி வைத்து ஊதுகிறேன். கண் மங்குகிறது, நேரம் எடுக்கிறது, எடுக்கட்டும்.

இணையத்தில் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் பிள்ளை நகைகளுக்கு எந்தப் பத்தரும் கொப்பி வைத்திருப்பதில்லை. இந்த நாட்டில் ஆபத்தான பொருள்களின் பட்டியலை அரசின் பொருட் பாதுகாப்பு அலுவலகம் தொடர்ந்து வெளியிடுகிறது. வாங்குமுன் ஒரு தரம் பாருங்கள். ஏதேனும் தொண்டையில் சிக்கி ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூச்சு வராவிட்டால், முதுகில் ஐந்து அடி, போகாவிட்டால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்தம், போகாவிட்டால் 999. மணியைக் கொண்டுவந்த அந்தத் தாய்க்கு இது தெரிந்திருந்தபடியால்தான் அவள் மகன் இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மிருதங்கம் வாசித்தான்.

என் கொப்பியில் இன்னும் மூன்று பெயருக்குக் கோடு இழுக்கவில்லை. 2014க்கும் 2018க்கும் இடையில் ஈஸ்ட்ஹாமில் பிள்ளைக்கு வெள்ளிச் சதங்கை செய்வித்தவர்கள் கொளுக்கியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத்தில் சின்னதாய் ஒரு வேல் கீறியிருந்தால் அது என் கைவேலை. உங்கள் பிள்ளை வளர்ந்திருப்பான். ஆனால் எங்கள் சனம் சதங்கையை எறிவதில்லை, தம்பிக்கும் தங்கைக்கும் மருமகனுக்கும் எடுத்துவைத்திருப்பீர்கள். தயவுசெய்து அதை இன்னொரு பிள்ளைக்குப் போடாதீர்கள். ஈஸ்ட்ஹாமில் எந்த நகைக்கடையில் கேட்டாலும் பழைய பத்தர் வீடு எது என்று சொல்வார்கள். கொண்டுவாருங்கள்.